3 கோடி டாலர் ஜெயிச்சவர்.. கடைசியில் கையில் 800 டாலர்! சீட்டாட்டத்தையே பிழைப்பாக்கிய ஸ்டூ அங்கரின் கதை

1998 நவம்பர் 22. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஒயாசிஸ் என்ற சாதாரண மோட்டல். அங்கே ஓர் அறையில் 45 வயது மனிதர் ஒருவர் இறந்து கிடந்தார். அவரிடம் இருந்த பணம் சுமார் 800 டாலர். பெயரில் சொத்து எதுவும் இல்லை. இறுதிச் சடங்குக்கான செலவைக்கூட வந்திருந்தவர்களிடம் வசூல் செய்துதான் கொடுக்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அதே ஊரில், ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடிதான் அவர் 10 லட்சம் டாலர் பரிசை வென்றிருந்தார். வாழ்நாளில் சீட்டு மேஜைகளில் அவர் ஜெயிச்ச மொத்தத் தொகை சுமார் 3 கோடி டாலர் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

அவர் பெயர் ஸ்டூ அங்கர். உலகம் பார்த்த மிகத் திறமையான சீட்டாட்டக்காரர் யார் என்று கேட்டால், இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று.

போக்கரை மட்டுமே நம்பிப் பிழைக்கலாமா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் திறமை இருந்தால் போதும் என்ற பதில் கூடவே வரும். அந்தத் திறமை உச்சத்தில் இருந்த மனிதரின் வாழ்க்கை எப்படிப் போச்சு? பார்க்கலாம்.

யார் இந்த ஸ்டூ அங்கர்?

1953 செப்டம்பர் 8-ம் தேதி நியூயார்க்கின் மன்ஹாட்டனில், லோயர் ஈஸ்ட் சைட் பகதியை ஒட்டிய சூழலில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஸ்டூ. அப்பா ஐசிடோர் அங்கர், பந்தயப் பணம் வாங்கும் புக்கி. கந்துவட்டிக்கும் விடுவார். ஃபாக்ஸஸ் கார்னர் என்ற பெயரில் ஒரு மதுக்கூடம் நடத்தினார். வெளியே பார்க்க மதுக்கூடம், உள்ளே சூதாட்ட விடுதி.

அந்த இடத்தில் வளர்ந்த பையனுக்கு சீட்டு தானாகவே கைக்கு வந்தது. ஆனால் அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. தினமும் தன் விடுதிக்கு வந்து பணத்தைத் தொலைத்துவிட்டுப் போகிறவர்களை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர். மகன் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று தடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. 10 வயதில், பெற்றோருடன் விடுமுறைக்குப் போன இடத்தில் நடந்த ஜின் ரம்மி போட்டியில் ஸ்டூ முதல் பரிசு வாங்கினார்.

1967-ல் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். பிறகு அம்மாவும் பக்கவாதத்தால் படுத்துவிட்டார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. வீட்டுக்குச் சம்பாதிக்க ஸ்டூவுக்குத் தெரிந்த ஒரே வழி சீட்டு.

18 வயதில் விக்டர் ரொமானோ என்பவரின் பழக்கம் கிடைத்தது. நியூயார்க் நிழலுலகத்தோடு தொடர்புள்ளவராகச் சொல்லப்பட்டவர் அவர். ஸ்டூவுக்கு ஆதரவும் பாதுகாப்பும் அவரிடமிருந்து வந்தன. பார்க்க ஒல்லியாக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பார் என்பதால் பொடியன் என்ற பொருளில் தி கிட் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

ரொம்ப நல்லா ஆடினதே பிரச்னை

ஜின் ரம்மி நமக்குத் தெரிந்த ரம்மிக்கு உறவு. இரண்டு பேர் ஆடுவது. ஆளுக்கு 10 சீட்டு. எதிராளி எதை எடுக்கிறார், எதைக் கீழே போடுகிறார் என்பதை மனதில் வைத்தே அவர் கையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். ஸ்டூவின் ஞாபகசக்திக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

அந்தக் காலத்தில் ஜின் ஆட்டத்தில் பெரிய கை என்று பெயர் வாங்கியிருந்தவர் ஹாரி ஸ்டைன். அவரை ஸ்டூ ஓர் ஆட்டம்கூட விடாமல் தோற்கடித்த கதை நியூயார்க் முழுக்கப் பரவியது.

பேர் கிடைத்தது. பிழைப்பு கெட்டது. காரணம் எளிது. சீட்டாட்டத்தில் சம்பளம் கொடுக்க முதலாளி கிடையாது. எதிரே உட்காருகிறவர் தோற்கிற பணம்தான் வருமானம். தோற்பது உறுதி என்று தெரிந்த பிறகு எவர் வந்து உட்காருவார்? எதிராளிக்குச் சலுகை கொடுத்து ஆடிப் பார்த்தார் ஸ்டூ. அப்படியும் ஆள் வரவில்லை. மற்றவர்கள் பெயர் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று சொல்லி, போட்டி நடத்துகிறவர்களே இவரை வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

டாக்டரோ மெக்கானிக்கோ, கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தால் கூட்டம் கூடும். சீட்டாட்டக்காரர் கெட்டிக்காரர் என்று தெரிந்தால் கூட்டம் கலையும்.

கேசினோ மூடிய கதவு

இன்னொரு பக்கம் ஸ்டூவுக்குக் குதிரைப் பந்தயப் பழக்கம் ஏறியிருந்தது. பந்தயக் கடன் கழுத்தை நெரிக்க, 1976 வாக்கில் நியூயார்க்கை விட்டு மயாமிக்குப் போனார். அங்கிருந்து 1977-ல் சூதாட்டத் தலைநகரமான லாஸ் வேகாஸ் வந்து சேர்ந்தார்.

அங்கே கேசினோக்களின் பிளாக்ஜாக் மேஜையில் கையை வைத்தார். அந்த ஆட்டத்தில் எதிராளி கேசினோதான். வெளியே வந்துவிட்ட சீட்டுகளை மனதில் வைத்துக்கொண்டால், மிச்சம் இருக்கும் கட்டு நமக்குச் சாதகமா பாதகமா என்று சொல்லிவிடலாம். சாதகமான நேரத்தில் மட்டும் பந்தயத்தைக் கூட்டினால் லாபம்.

கேசினோ உரிமையாளர் பாப் ஸ்டூபக் 1 லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். ஆறு கட்டு சீட்டு, அதாவது 312 சீட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்து, கடைசியாக மிஞ்சும் சீட்டு என்ன என்று பார்க்காமலே சொல்ல வேண்டும். ஸ்டூ சொன்னார். ஜெயிச்சார்.

மனக்கணக்குப் போடுவது குற்றம் இல்லை. ஆனால் தனக்கு நஷ்டம் வைக்கிற ஆளை உட்கார வைக்க வேண்டிய கட்டாயம் கேசினோவுக்கு இல்லை. ஒவ்வொரு கேசினோவாகக் கதவைச் சாத்தியது.

ஜின் ரம்மிக்கு ஆள் இல்லை. பிளாக்ஜாக்குக்கு இடம் இல்லை. மிச்சம் இருந்தது போக்கர்.

முதல் முயற்சியிலேயே உலக சாம்பியன்

போக்கரில் பிரபலமான வகை ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. இந்த ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் சேர்கிறதோ அவருக்குப் பணம். இடையில் பந்தயத்தை ஏற்றி எதிராளியைப் பயமுறுத்தி விலக வைத்தாலும் ஜெயிக்கலாம். இங்கே ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். கேசினோ தன் கமிஷனை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் கேசினோவுக்கு இவர் மேல் கோபம் இல்லை.

ஒவ்வொரு ஆட்டத்திலும் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் திறமைசாலி மேலே வருவார். போக்கரைத் தொழில் என்று சொல்கிறவர்கள் நம்புவது இதைத்தான்.

1980-ல் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ கேசினோவில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் போட்டியின் முதன்மைச் சுற்றில் ஸ்டூ இறங்கினார். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கலந்துகொண்டவர்கள் 73 பேர். இறுதியில் எதிரே உட்கார்ந்திருந்தவர், ஏற்கெனவே இரண்டு முறை பட்டம் வென்றிருந்த டாயில் பிரன்சன். அவரைத் தோற்கடித்து, 3.65 லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு எழுந்தார் ஸ்டூ. அப்போது வயது 26. அதுவரை அந்தப் பட்டம் வென்றவர்களில் இளையவர் அவர்தான்.

அடுத்த வருஷம் 75 பேர் ஆடினார்கள். மறுபடியும் ஸ்டூவே சாம்பியன். பரிசு 3.75 லட்சம் டாலர்.

ஜெயிச்ச பணம் எங்கே போச்சு?

ஸ்டூ அங்கரின் கதையில் முக்கியமான கேள்வி இதுதான். போக்கரில் அவர் தோற்றதால் பணம் போகவில்லை. போக்கர் மேஜையை விட்டு எழுந்த பிறகுதான் போனது.

அவருக்கு எதிலும் பந்தயம் கட்ட வேண்டும். குதிரை, கால்பந்து, கோல்ஃப் என்று எது கிடைத்தாலும் கட்டுவார். சீட்டில் அவர் ராஜா. ஆனால் குதிரை ஓடுவதில் அவர் திறமைக்கு என்ன வேலை?

கணக்காகவே பார்க்கலாம். அமெரிக்க விளையாட்டுப் பந்தயங்களில் வழக்கமான முறை, 10 டாலர் ஜெயிக்க 11 டாலர் கட்டுவது. சரிபாதி முறை ஜெயிக்கிறவர்கூட இதில் நஷ்டத்தில்தான் முடிப்பார். கைக்காசு போகாமல் இருக்கவே 100-க்கு 52 முறைக்கு மேல் ஜெயிக்க வேண்டும். குதிரைப் பந்தயத்தில் மொத்தப் பணத்திலிருந்து நடத்துகிறவர் தன் பங்கை முதலிலேயே எடுத்துவிடுவார். மீதியைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்ள முடியும்.

அதாவது ராத்திரி போக்கரில் தன் திறமையால் சம்பாதித்ததை, பகலில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாத ஆட்டத்தில் கொட்டினார் ஸ்டூ. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதை.

போக்கர் ஆடுகிறவருக்குக் கையில் இருக்கும் ரொக்கம்தான் முதல். மளிகைக் கடைக்காரருக்குச் சரக்கு எப்படியோ அப்படி. எவ்வளவு நல்ல ஆட்டக்காரருக்கும் தொடர்ந்து தோற்கும் வாரங்கள், மாதங்கள் வரும். அதைத் தாங்குவதற்குப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்து, அதில் சின்னப் பகுதியை மட்டுமே மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டூ கையில் இருப்பது மொத்தத்தையும் வைக்கிற ரகம். ஒரு நாள் லட்சாதிபதி, மறுநாள் கைமாத்து. கடைசியில் முதலுக்கே மோசம்.

வேலையோடு வந்த பழக்கம்

1979-ல் அம்மா இறந்தார். அந்தச் சமயத்தில்தான் கொகைன் பழக்கம் தொடங்கியது. அதற்கும் தொழிலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. சீட்டு மேஜையில் வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. நன்றாகத் தோற்கிற ஆள் எதிரே இருந்தால், அவர் எழும்வரை எழுந்திருக்க முடியாது. ராத்திரி பகல் பார்க்காமல் விழித்திருக்க இது உதவும் என்று சக ஆட்டக்காரர்கள் சொன்னதைக் கேட்டு ஆரம்பித்தார். நாளடைவில் அது அவரையே பிடித்துக்கொண்டது.

1980-களின் தொடக்கத்தில் கல்யாணம், ஒரு மகள். 1986-ல் விவாகரத்து. 1989-ல் மகனாக ஏற்று வளர்த்த பையன் இளம் வயதிலேயே இறந்துபோனது பெரிய அடி.

1990: ஆள் இல்லாத நாற்காலி

1990 வேர்ல்ட் சீரிஸ். ஸ்டூவிடம் நுழைவுக் கட்டணம் இல்லை. நண்பர் பில்லி பாக்ஸ்டர் பணம் கட்டினார். முதல் இரண்டு நாள் பிரமாதமாக ஆடி, நிறைய சிப்ஸ் சேர்த்துவிட்டார் ஸ்டூ. மூன்றாவது நாள் மேஜைக்கு வரவில்லை. தேடிப் போனவர்கள் ஹோட்டல் அறையில் அவர் நினைவில்லாமல் கிடப்பதைப் பார்த்தார்கள். காரணம், போதைப்பொருள்.

போக்கர் போட்டியில் ஆள் இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. ஒவ்வொருவரும் முறை வைத்துக் கட்டாயமாகப் போட வேண்டிய தொகை ஒன்று உண்டு. பிளைண்ட் என்பார்கள். காலி நாற்காலிக்கு முன்னால் இருந்த சிப்ஸிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அப்படியும் அந்தக் காலி நாற்காலி 9-ம் இடம் பிடித்து 25,050 டாலர் ஜெயித்தது. அவ்வளவு சிப்ஸ் சேர்த்துவைத்திருந்தார் மனுஷன்.

ஸ்டூவின் திறமையைக் காட்ட இந்தச் சம்பவத்தைச் சொல்வார்கள். இன்னொரு விஷயத்தையும் இது காட்டுகிறது. மாதச் சம்பளக்காரர் படுத்துவிட்டால் மருத்துவ விடுப்பு உண்டு. இந்தத் தொழிலில் படுத்துக் கிடக்கும் ஒவ்வொரு நிமிஷமும் கையிருப்பு கரையும்.

கடைசி நிமிஷத்தில் வந்த 10 லட்சம்

1997. ஸ்டூ கடனில் மூழ்கியிருந்தார். வேர்ல்ட் சீரிஸ் முதன்மைச் சுற்று தொடங்கும் நேரம். மறுபடியும் பாக்ஸ்டரே 10,000 டாலர் கட்ட முன்வந்தார். பெயர்ப் பதிவு முடியும் கடைசித் தருணத்தில் சேர்ந்தவர் ஸ்டூ. அந்த முறை கலந்துகொண்டவர்கள் 312 பேர்.

முந்தின ராத்திரி தூங்காததால் முதல் நாள் மேஜையிலேயே கண் சொக்கியது. நண்பர்கள் தட்டி எழுப்பித் தைரியம் சொன்னார்கள். அதன் பிறகு எதிரே வந்தவர்களை ஒவ்வொருவராகச் சாய்த்தார். கொகைன் சிதைத்த மூக்கை மறைக்க நீலநிற வட்டக் கண்ணாடி. பக்கத்தில் மகளின் போட்டோ. இறுதிச் சுற்று ஃப்ரீமான்ட் தெருவில், திறந்தவெளியில், கூட்டத்துக்கு நடுவே நடந்தது.

கடைசி ஆட்டத்தில் ஜான் ஸ்ட்ரெம்ப் கையில் ஏஸும் எட்டும். ஸ்டூவிடம் ஏஸும் நான்கும். பொதுச் சீட்டில் நான்கு விழும்வரை எதிராளி கைதான் ஒரு படி மேலே இருந்தது. ஐந்தாவதாக இரண்டு விழுந்தது. ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஸ்டூவுக்கு வரிசை சேர்ந்தது. 16 வருஷத்துக்குப் பிறகு மூன்றாவது முறையாக உலக சாம்பியன். பத்திரிகைகள் திரும்பி வந்த பொடியன் என்று கொண்டாடின.

பரிசு 10 லட்சம் டாலர். ஆனால் அதில் சரிபாதி பணம் போட்ட பாக்ஸ்டருக்கு. இதற்கு ஸ்டேக்கிங் என்று பெயர். ஒருவர் முதல் போடுவார், ஒருவர் ஆடுவார், லாபத்தைப் பங்கு போடுவார்கள். பெரிய போட்டி ஜெயித்தவர் என்று செய்தியில் வரும் தொகை, ஜெயித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோன தொகை இல்லை. வரி, கடன், தோற்ற போட்டிகளுக்குக் கட்டிய கட்டணம் எல்லாம் போகத்தான் மிச்சம். அந்த வருஷம் 312 பேரில் பெரும்பாலானவர்கள் கட்டிய 10,000 டாலரை விட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்கள். அவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் இல்லை.

ஸ்டூவின் பங்கு சில மாதங்களில் தீர்ந்தது. போதைப்பொருளும் விளையாட்டுப் பந்தயமும் அதைக் கொண்டுபோயின. 1998 போட்டிக்கும் கட்டணம் கட்ட பாக்ஸ்டர் தயாராக இருந்தார். தொடங்க சில நிமிஷங்கள் இருக்கும்போது, தன்னால் ஆட முடியாது என்று ஸ்டூ விலகிவிட்டார்.

அதே நவம்பரில், முன்பு அவரோடு பந்தயம் கட்டித் தோற்ற ஸ்டூபக், பழைய கடன்களைத் தீர்த்து மறுபடி ஆடவைக்க முன்வந்து 2,000 டாலர் முன்பணம் கொடுத்தார். சில நாட்களில் மோட்டல் அறையில் ஸ்டூ இறந்து கிடந்தார். கையில் இருந்த 800 டாலர் அந்த முன்பணத்தின் மிச்சம். பல வருஷப் போதைப் பழக்கத்தால் பழுதான இதயம் நின்றுபோனது என்றது மருத்துவ அறிக்கை. இறுதிச் சடங்கில் நன்கொடை வசூலித்ததும் அதே ஸ்டூபக்தான்.

அப்போ போக்கர் ஒரு தொழிலா, இல்லையா?

சட்டத்தின் பார்வையில் தொழில்தான். அந்தப் பதிலை வாங்கியவரும் இந்தக் கதையில் இருக்கிறார். போக்கர் வருமானத்தை உழைக்காமல் வந்த பணமாகக் கருதி அமெரிக்க வரித்துறை கூடுதல் வரி கேட்டபோது, பில்லி பாக்ஸ்டர் கோர்ட்டுக்குப் போனார். முழுநேரமாக ஆடுகிறவருக்கு அது தன் திறமையால் ஈட்டிய வருமானமே என்று 1986-ல் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பு சொன்னது.

1980-ல் ஸ்டூவிடம் தோற்ற டாயில் பிரன்சன் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆடினார். 2023-ல் 89 வயதில் இறந்தார். அன்றைக்கு மேஜையில் ஜெயித்தவர் ஸ்டூ. ஆனால் அந்த மேஜையில் நீடித்தவர் பிரன்சன்.

ஆக, போக்கரை வைத்துப் பிழைத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களைப் பிழைக்க வைத்தது சீட்டுத் திறமை மட்டும் இல்லை. முதலைத் தொடாமல் இருப்பது, தோற்கிற மாதத்துக்குப் பணம் ஒதுக்குவது, தூக்கம் வந்தால் எழுந்து போவது, தனக்குப் பிடி இல்லாத பந்தயத்தைத் தொடாமல் இருப்பது. இதெல்லாம் ஒரு கடை நடத்துகிறவருக்கும் வேண்டிய ஒழுக்கம்தான். என்ன வித்தியாசம் என்றால், கடையில் ஒரு நாள் தவறினால் ஒரு நாள் வியாபாரம் போகும். சூதாட்ட ஊரில் ஒரு ராத்திரி தவறினால் வருஷக்கணக்கில் சேர்த்தது போகும். அந்த ராத்திரியைத் தேடிவந்து தருவதற்கு ஊர் முழுக்க ஆள் காத்திருப்பார்கள்.

2001-ல் போக்கர் ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் ஸ்டூ அங்கரின் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் வாழ்க்கை படமாகவும் வந்தது. சீட்டு மேஜையில் இவரை மிஞ்ச ஆள் இல்லை என்று இன்றும் பேசுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கே அந்தத் திறமையால் 45 வயதுக்கு மேல் சோறு போட முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு சீட்டில் இறங்கலாமா என்று யோசிக்கிறவர்கள், நான் எவ்வளவு நன்றாக ஆடுகிறேன் என்று கேட்பதற்கு முன்னால், ஜெயிச்ச பணத்தோடு எழுந்து நேராக வீட்டுக்குப் போவேனா என்று தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது.